திரவ நைட்ரஜன் குளிர்விப்புக் கலன்: தேர்வும் பயன்பாடும்

திரவ நைட்ரஜன் குளிர்விப்புக் கலன் என்பது கணினியின் பிராசசர் அல்லது கிராபிக்ஸ் சில்லின் மேல் நேரடியாகப் பொருத்தப்பட்டு, திரவ நைட்ரஜன் ஊற்றப்படும், மேல்புறம் திறந்த உலோகப் பாத்திரமாகும். பிராசசரை அதன் தயாரிப்பாளர் நிர்ணயித்த கடிகார வேகத்தைவிட மிக அதிக வேகத்தில் இயக்கிப் பார்க்கும் ஓவர்கிளாக்கிங் முயற்சிகளில் இது பயன்படுகிறது. இத்துறையில் ஈடுபடுவோர் இதைச் சுருக்கமாக 'பாட்' என்பர். பார்வைக்கு ஒரு கனமான செம்புக் குவளை போலத் தோன்றினாலும், இதன் எடை, அடிப்பகுதியின் தடிமன், உட்புற வடிவம், பொருத்தும் முறை ஆகிய ஒவ்வொன்றும் வெப்பக் கடத்தலின் விதிகளைச் சார்ந்தே அமைகின்றன.

திரவ நைட்ரஜனைக் கையாளும் கலன்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. திரவத்தைச் சேமிக்கும் கலன் வெப்பத்தை உள்ளே விடக்கூடாது. குளிர்விப்புக் கலனோ வெப்பத்தை எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக உள்ளே வாங்க வேண்டும். இந்த எதிரெதிர் நோக்கத்தைப் புரிந்துகொண்டால் கலனைத் தேர்ந்தெடுப்பது எளிது.

திரவ நைட்ரஜனின் பண்புகள்

காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன். காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி, பின்னக் காய்ச்சி வடித்தல் முறையில் பிரித்தால் திரவ நைட்ரஜன் கிடைக்கிறது. இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் இதன் கொதிநிலை −195.8 டிகிரி செல்சியஸ். நிறமும் மணமும் இல்லாத இத்திரவம் தீப்பற்றாது. ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 807 கிராம். எனவே இது நீரைவிட இலேசானது.

குளிர்விப்புக்கு இரண்டு எண்கள் முக்கியமானவை. முதலாவது, ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ திரவ நைட்ரஜன் ஆவியாக ஏறத்தாழ 199 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. லிட்டர் கணக்கில் இது சுமார் 160 கிலோ ஜூல். இரண்டாவது, விரிவடையும் அளவு. ஒரு லிட்டர் திரவம் முழுவதும் ஆவியாகி அறை வெப்பநிலைக்கு வந்தால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகிறது. முதல் எண் எவ்வளவு திரவம் தேவை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் அந்தத் திரவத்தை எந்த அறையில் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது.

தருமபுரி வட்டாரத்தில் திரவ நைட்ரஜன்

தருமபுரி மாவட்டத்தில் திரவ நைட்ரஜன் அதிகம் அறியப்படுவது கணினியால் அல்ல, கறவை மாட்டால். 'சினை ஊசி' என்று மக்கள் சொல்லும் செயற்கை முறைக் கருவூட்டலுக்குத் தேவையான உறைவிந்துக் குச்சிகள், கால்நடை மருந்தகங்களிலும் கிளை நிலையங்களிலும் திரவ நைட்ரஜன் கலன்களில் மூழ்கடித்து வைக்கப்படுகின்றன. சினைப்பருவத்துக்கு வந்த மாட்டுக்கு ஊசி போட வருபவர் கொண்டுவரும் சிறிய அலுமினியக் கேனைத் திறக்கும்போது வெண்புகை எழுவதைக் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பர். அந்தப் புகை நைட்ரஜன் அன்று. நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த நைட்ரஜன் பட்டுக் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுவதே புகைபோலத் தெரிகிறது.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஓசூரும் அதில் அடங்கியிருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானபோது ஓசூர் அதனுடன் சென்றது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824 இல் படைக்குதிரைகளுக்கான பண்ணையாகத் தொடங்கி, பின்னர் கால்நடைப் பண்ணையானது. தமிழ்நாட்டில் உறைவிந்து உற்பத்தி நடக்கும் இடங்களில் உதகமண்டலம், ஈச்சங்கோட்டை ஆகியவற்றுடன் ஓசூரும் ஒன்று. தருமபுரிப் பகுதிக்கே உரிய ஆலம்பாடி மாட்டினத்துக்கெனத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் ஒன்றும் இம்மாவட்டத்தில் உள்ளது. அருகிவரும் நாட்டு மாட்டினங்களைப் பாதுகாக்க உறைவிந்து ஒரு முக்கியமான வழியாகும்.

ஆகவே இம்மாவட்டத்து மாணவர் ஒருவர் திரவ நைட்ரஜன் கலன் என்றதும் நினைப்பது கால்நடை மருந்தகத்தின் கேனைத்தான். குளிர்விப்புக் கலனை விளங்கிக்கொள்ள அந்தக் கேனிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சேமிப்புக் கலனும் குளிர்விப்புக் கலனும்

சேமிப்புக் கலன், ஜேம்ஸ் டீவார் 1892 இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் வழிவந்தது. இரண்டு சுவர்களுக்கு இடையே காற்று நீக்கப்பட்டிருக்கும். கழுத்து குறுகலாக இருக்கும். மூடி இறுக்கமின்றி, ஆவி வெளியேற இடம்விட்டு அமையும். இந்தியாவில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் நாசிக் ஆலை இவ்வகைக் கலன்களைத் தயாரிக்கிறது. கையில் எடுத்துச் செல்ல 3 லிட்டர் அளவிலும், நிலையத்தில் இருப்பு வைக்க 35, 55 லிட்டர் அளவுகளிலும் இவை பயன்பாட்டில் உள்ளன. பெரிய கலனில் நிரப்பிய திரவம், அடிக்கடி திறக்காவிட்டால், மாதக்கணக்கில் நிற்கும்.

குளிர்விப்புக் கலனில் இவை அனைத்தும் தலைகீழ். வெற்றிடச் சுவருக்குப் பதில் தடித்த செம்பு, குறுகிய கழுத்துக்குப் பதில் அகன்ற வாய். 300 வாட் வெப்பத்தை வெளியிடும் பிராசசரின் மேல் பொருத்திய கலனில் 300 மில்லிலிட்டர் திரவம் ஊற்றினால், அது மூன்று நிமிடத்துக்குள் ஆவியாகிவிடும். சேமிப்புக் கலனில் இது குறை. குளிர்விப்புக் கலனிலோ இதுவே அதன் வேலை.

உண்மையில் ஓவர்கிளாக்கிங்குக்கு மூன்று பாத்திரங்கள் தேவை. திரவத்தைக் கொண்டுவந்து வைக்க ஒரு சேமிப்புக் கலன், அதிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து ஊற்ற ஒரு சிறிய வெற்றிடக் குடுவை, பிராசசரின் மேல் அமரும் குளிர்விப்புக் கலன். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. குறிப்பாக, ஊற்றும் குடுவையாக வீட்டுத் தேநீர் பிளாஸ்க்கைப் பயன்படுத்துவோர் அதன் திருகு மூடியை ஒருபோதும் மூடக்கூடாது. உள்ளே ஆவியாகும் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிக் குடுவை வெடிக்கும்.

பிராசசரை ஏன் இவ்வளவு குளிர்விக்க வேண்டும்

பிராசசர் செலவிடும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. அதனால் வெப்பம் வேகத்தைவிட விரைவாகப் பெருகுகிறது. குளிர்ந்த நிலையில் டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டம் குறைகிறது. உள்ளிருக்கும் செம்பு இணைப்புகளின் மின்தடையும் குறைகிறது. எனவே சாதாரண நிலையில் தாங்க முடியாத மின்னழுத்தத்தையும் வேகத்தையும் அதே சில்லு சிறிது நேரம் தாங்குகிறது.

டாம்ஸ் ஹார்டுவேர் இதழ் 2003 டிசம்பரில் திரவ நைட்ரஜனைக் கொண்டு பென்டியம் 4 பிராசசரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இயக்கிக் காட்டியது. 2011 ஆகஸ்ட் 31 அன்று ஏஎம்டி எஃப்எக்ஸ் பிராசசர் 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டிக் கின்னஸ் சாதனையானது. 2022 டிசம்பரில் இன்டெல் கோர் ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. இவ்விரு சாதனைகளிலும் −269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியம் பயன்பட்டது. ஹீலியம் அரிதானது, விலை மிகுந்தது. அதனால் ஆர்வலர்களின் அன்றாட முயற்சிகளில் நைட்ரஜனே நிலைத்துள்ளது. இது தினசரி வேலைக்கான குளிர்விப்பு முறை அன்று. சில நிமிடங்களோ சில மணி நேரமோ நீடிக்கும் சோதனை அல்லது போட்டி மட்டுமே.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

1. பிராசசரின் குளிர் தாங்கும் எல்லை

கலனைத் தேடும் முன் அறிய வேண்டியது, குளிர்விக்கப்போகும் பிராசசரின் இயல்பு. எல்லாப் பிராசசர்களும் −190 டிகிரி வரை இயங்குவதில்லை. சில, குறிப்பிட்ட குளிர்நிலைக்குக் கீழே சென்றதும் நின்றுவிடும். ஓவர்கிளாக்கிங் வழக்கில் இதற்குக் 'கோல்ட் பக்' என்று பெயர். சில குளிர்ந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அணைத்தால் அதே குளிரில் மீண்டும் தொடங்காது. ஏஎம்டியின் பெனாம் 2 வரிசை, கலன் நிறையத் திரவத்துடனும் இயங்கியதால் ஆர்வலர்களிடையே பெயர் பெற்றது.

குளிர் எல்லை −100 டிகிரி அளவில் உள்ள பிராசசருக்கு வெப்பநிலையை ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கும் கனமான கலன் தேவை. எல்லையே இல்லாத பிராசசருக்குத் திரவத்தை நிறைத்து வைக்கும் கொள்ளளவும் உட்பரப்பும் முக்கியம். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் விலை உயர்ந்த கலனை வாங்குவது வீண்.

2. உலோகம்

பெரும்பாலான கலன்கள் செம்பால் ஆனவை. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட். கடைசலுக்குப் பரவலாகப் பயன்படும் 6061 அலுமினிய உலோகக்கலவைக்கு இது ஏறத்தாழ 167 மட்டுமே.

இந்த வேறுபாட்டை ஓர் எளிய கணக்கில் காணலாம். கலனின் அடிப்பகுதி 2 சென்டிமீட்டர் தடிமனும் 16 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்டது, அதன் வழியே 300 வாட் பாய்கிறது எனக் கொள்வோம். செம்பில் மேலும் கீழும் ஏற்படும் வெப்பநிலை வேறுபாடு 9 டிகிரிக்குச் சற்று மேல். அலுமினியக் கலவையில் 22 டிகிரிக்கு மேல். வெப்பம் பக்கவாட்டில் பரவுவதை இக்கணக்கு சேர்க்கவில்லை. ஆனாலும் ஒப்பீட்டுக்கு இது போதும். திரவம் ஒரே அளவு குளிர்ச்சியாக இருந்தாலும் அலுமினியக் கலனில் பிராசசர் அதிகச் சூடாக இருக்கும்.

கொள்ளளவு அடிப்படையிலும் செம்பு முந்துகிறது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 3.4 ஜூல் வேண்டும், அலுமினியத்துக்கு 2.4 ஜூல். ஆகவே ஒரே அளவுள்ள இரு கலன்களில் செம்புக்கலன் வெப்பநிலையை நிலையாக வைக்கும். இலேசாகவும் மலிவாகவும் இருப்பது அலுமினியத்தின் நன்மை. உலர்பனிக்கட்டியுடன் பழகுவோருக்கு அது போதுமானது. செம்பின் மேல் பூசப்படும் நிக்கல் முலாம் களிம்பு ஏறாமல் காக்கிறது. குளிர்விப்பில் அதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படுவதில்லை.

3. எடையும் அடிப்பகுதியின் தடிமனும்

கனமான கலன் மெதுவாகக் குளிரும், மெதுவாகவே சூடேறும். 2 கிலோ செம்புக்கலன் −100 டிகிரியில் இருக்கும்போது திரவம் தீர்ந்துவிட்டது எனக் கொள்வோம். 300 வாட் வெப்பத்தில் அதன் வெப்பநிலை விநாடிக்கு அரை டிகிரிக்கும் குறைவாகவே ஏறும். ஊற்றுபவருக்குக் குடுவையை எடுக்க நேரம் கிடைக்கும். 1 கிலோ கலனில் அந்த வேகம் இரட்டிப்பாகும்.

கனத்துக்கு விலையும் உண்டு. 2 கிலோ செம்பை அறை வெப்பநிலையிலிருந்து −195 டிகிரிக்குக் கொண்டுவரவே, ஆவியாதலின் வெப்பத்தை மட்டும் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு லிட்டர் திரவம் செலவாகிறது. குறுகிய நேரச் சோதனைகளுக்கு இலேசான கலன் திரவத்தை மிச்சப்படுத்தும். நீண்ட நேரம் எல்லா மையங்களும் முழுச் சுமையில் ஓடும் சோதனைகளுக்குக் கனமான கலனே ஏற்றது.

4. உட்புற வடிவம்

சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டோடுவதைச் சமையலறையில் காணலாம். துளிக்கும் கல்லுக்கும் இடையே உருவாகும் நீராவிப் படலம் வெப்பத்தைத் தடுக்கிறது. யோஹான் காட்லாப் லைடன்ஃபிராஸ்ட் 1756 இல் இதைப் பற்றி எழுதியதால் இதற்கு லைடன்ஃபிராஸ்ட் விளைவு என்று பெயர். திரவ நைட்ரஜனுக்கு அறை வெப்பநிலையில் உள்ள செம்பே சூடான தோசைக்கல். முதலில் ஊற்றும் திரவம் வாயுப் படலத்தின் மேல் குதித்து, குளிர்விக்காமலே பெருமளவு வீணாகிறது. உலோகம் போதிய அளவு குளிர்ந்த பின்னரே திரவம் பரப்பைத் தொட்டுக் கொதிக்கத் தொடங்கும். அப்போது குளிர்ச்சி சட்டென வேகம் பெறும். முதன்முறை ஊற்றுவோர் பலர் இந்தத் திருப்பத்தை எதிர்பாராமல், பிராசசரின் குளிர் எல்லையைத் தாண்டிவிடுவதுண்டு.

இதனால்தான் கலனின் உட்புறம் வழவழப்பான குவளையாக விடப்படுவதில்லை. அடியில் துளைகள், கூம்புகள், தூண்கள், படிகள் போன்றவை கடையப்படுகின்றன. அவை திரவம் தொடும் பரப்பைக் கூட்டுகின்றன, வெப்பம் வெளியேறும் வழியைப் பலவாக்குகின்றன. ஆழமான மெல்லிய துளைகளைவிட, குமிழிகள் எளிதில் மேலெழுந்து வெளியேற இடமுள்ள வடிவமே நல்லது. குமிழி அடைத்துக்கொண்ட துளையில் திரவம் இறங்காது.

5. கொள்ளளவும் வடிவமும்

உயரமான கலன் அதிகத் திரவம் கொள்ளும், தெறிப்பும் குறையும். ஆனால் ஈர்ப்பு மையம் மேலே செல்வதால் மதர்போர்டுக்குச் சுமை கூடும். பிராசசருக்கான கலன் பொதுவாக நிமிர்ந்த உருளை. கிராபிக்ஸ் அட்டை மதர்போர்டில் செங்குத்தாக நிற்பதால் அதன் சில்லு பக்கவாட்டைப் பார்க்கும். ஆகவே அதற்கான கலனின் அடித்தளம் பக்கவாட்டிலும், வாய் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. இத்துறையில் கிங்பின் கூலிங், எல்மோர் லேப்ஸ், டெர் பவர் ஆகிய பெயர்கள் பரவலாக அறியப்பட்டவை.

6. பொருத்தும் அமைப்பு

அடித்தளம் பிராசசரின் மேல்மூடியை முழுவதும் மூட வேண்டும். எல்ஜிஏ 1700 வகைப் பிராசசர் 37.5 × 45 மில்லிமீட்டர், ஏஎம்5 வகை 40 × 40 மில்லிமீட்டர் அளவுள்ளது. கலனுடன் வரும் பிடிப்புச் சட்டம் எந்தச் சாக்கெட்டுகளுக்குப் பொருந்தும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செம்பு அறை வெப்பநிலையிலிருந்து நைட்ரஜனின் கொதிநிலைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 0.3 சதவீதம் சுருங்குகிறது. 100 மில்லிமீட்டர் உயரக் கலனில் இது 0.3 மில்லிமீட்டர். வெறும் திருகாணியால் இறுக்கிய பிடி இச்சுருக்கத்தில் தளரலாம். சுருள்வில் வைத்த திருகாணிகள் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும். வெப்பப் பசையும் கடுங்குளிருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சில பசைகள் குளிரில் வெடித்துத் தொடர்பை இழக்கின்றன. கேலியம் சார்ந்த திரவ உலோகம் இந்தக் குளிரில் உறைந்து இறுகிவிடும் என்பதால் கலனுக்கும் மேல்மூடிக்கும் இடையே அது உகந்ததன்று.

7. வெப்பநிலை அளவி செருகும் துளை

நல்ல கலனின் அடிப்பகுதியில், பிராசசருக்கு அருகே, கே வகை வெப்ப இரட்டையைச் செருகப் பக்கத் துளை இருக்கும். இந்தத் துளை இல்லாத கலனைத் தவிர்ப்பது நல்லது. திரவத்தின் வெப்பநிலை எப்போதும் ஒன்றே. உலோகத்தின் வெப்பநிலைதான் மாறுகிறது, ஊற்றும் கை அதைப் பார்த்தே இயங்க வேண்டும். பிராசசரின் உள்ளிருக்கும் உணரிகள் இத்தகைய கடுங்குளிரில் சரியான மதிப்பைக் காட்டும் என நம்ப முடியாது.

ஈரக்காப்பு

30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பனிப்புள்ளி ஏறத்தாழ 24 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் இன்னும் கூடும். கலனைச் சுற்றிலும், சாக்கெட்டைச் சுற்றிலும், மதர்போர்டின் பின்புறத்திலும் காப்பு இல்லாமல் திரவத்தை ஊற்றக்கூடாது. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாயைச் சுற்றப் பயன்படுத்தும் கருப்பு நுரை ரப்பர் இதற்கு ஏற்றது. அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் நீராவி உட்புகாது. மதர்போர்டின் மேல் காப்பு வார்னிஷ் அல்லது வாசலின் பூசுவதும், கலனைச் சுற்றி டிஷ்யூ தாளை அடுக்குவதும் வழக்கம்.

கலன் உறைநிலையில் இருக்கும்வரை படிந்தது வெண்பனியாக அசையாமல் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு அது உருகும்போதுதான் நீர் வழிந்து மின்சுற்றைக் கெடுக்கும். எனவே சோதனை முடிந்ததும் கலனை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, பலகையை முழுவதும் உலர்த்திய பின்னரே மீண்டும் மின்இணைப்புக் கொடுக்க வேண்டும்.

வாங்குவதா, கடைவதா

ஆயத்தக் கலன்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்படுபவை. ஓசூர், கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களின் லேத் பட்டறைகளில் செம்பு உருளையிலிருந்து கடைந்தெடுப்பதும் இயலக்கூடியதே. 75 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் உயரமும் உள்ள திடச் செம்பு உருளை ஏறத்தாழ 2.4 கிலோ எடையுள்ளது. பட்டறைக்குச் செல்லும் முன் தீர்மானிக்க வேண்டியவை: ஒரே கட்டியிலிருந்து கடைவதா, அடியையும் குழாயையும் தனித்தனியே செய்து இணைப்பதா, அடித்தளம் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும், அளவித் துளை எங்கே வரும், பிடிப்புச் சட்டம் எங்கே அமரும். சாதாரண ஈயப் பற்று கடுங்குளிரில் நொறுங்கக்கூடும். இணைப்பு இருந்தால் பித்தளைப் பற்று அல்லது வெள்ளிப் பற்று நல்லது. செம்பு மென்மையானது, கடைசல் கருவியில் ஒட்டிக்கொள்ளும். உட்புறத் துளைகள் எளிமையாக இருந்தால் வேலையும் துல்லியமாக முடியும்.

திரவக் கணக்கு

கலனைத் தேர்ந்தபின் எவ்வளவு திரவம் வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். ஆவியாதலின் வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு:

100 வாட் வெப்பத்துக்கு ஏறத்தாழ 2.2 லிட்டர்
300 வாட் வெப்பத்துக்கு ஏறத்தாழ 6.7 லிட்டர்
500 வாட் வெப்பத்துக்கு ஏறத்தாழ 11.2 லிட்டர்

இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசரின் உச்சத் திறன் அதன் தயாரிப்பாளர் குறிப்பின்படியே 253 வாட். மின்னழுத்தம் கூட்டப்பட்ட ஓவர்கிளாக்கிங்கில் இது மேலும் உயரலாம். கலனைக் குளிர்விக்கும் தொடக்கச் செலவு, தெறித்து வீணாவது, ஊற்றும் குடுவையில் ஆவியாவது ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

இந்தத் திரவத்தைத் தொழிற்சாலை வாயு விற்பனையாளரிடமிருந்தே பெற வேண்டும். கால்நடை மருந்தகத்தின் கேனில் இருப்பது விலைக்கு உரிய சரக்கு அன்று, குச்சிகளின் உயிர்க்காப்பு. திரவ மட்டம் குறைந்து குச்சிகள் ஒருமுறை வெப்பமேறிவிட்டால், மீண்டும் குளிர்வித்தாலும் விந்தணுக்களின் உயிர்ப்பு திரும்பாது. அந்த ஊசி போட்ட மாடு சினைப்படாமல் போனால், அடுத்த பருவம்வரை ஏறத்தாழ 21 நாள் காத்திருக்கும் இழப்பு ஓர் ஏழை விவசாயிக்குத்தான்.

பாதுகாப்பு

திரவ நைட்ரஜனின் பெரிய ஆபத்து குளிர் அன்று, மூச்சு. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். அதில் 10 லிட்டர் திரவம் ஆவியானால் 7 கன மீட்டர் வாயு சேர்கிறது. கதவும் சன்னலும் மூடியிருந்து, வெளியே தள்ளப்படும் காற்று மட்டும் இடுக்குகளில் வெளியேறினால், அறைக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 16 சதவீதமாகக் குறையும். 19.5 சதவீதத்துக்குக் கீழே சென்றாலே அது ஆக்சிஜன் குறைந்த சூழலாகக் கருதப்படுகிறது. 10 லிட்டர் என்பது 300 வாட் பிராசசரின் ஒன்றரை மணி நேரச் செலவுதான்.

மூச்சுத்திணறல் உணர்வை உடலுக்குத் தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதே. நைட்ரஜன் நிறைந்த அறையில் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிவிடுவதால் எச்சரிக்கை கிடைப்பதில்லை. தலைசுற்றல் தெரியும் முன்பே நினைவிழக்க நேரலாம். குளிர்ந்த நைட்ரஜன் தரைமட்டத்தில் தேங்கும் என்பதால் தரையில் அமர்வோருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து முதலில் வரும். ஏசி போட்ட மூடிய அறை, படுக்கையறை, லிஃப்ட், சன்னல் ஏற்றிய கார், கூட்டமான பேருந்து ஆகியவை திரவ நைட்ரஜனுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. இரு பக்கமும் திறந்த கூடம் அல்லது தாழ்வாரம் சிறந்தது. ஒருவர் மயங்கி விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவதைவிட, கதவு சன்னல்களைத் திறந்து காற்றை உள்ளே விடுவதும் உதவிக்கு அழைப்பதும் முதலில் செய்யத்தக்கவை. தனியாக இச்சோதனையில் ஈடுபடக்கூடாது.

தோலில் பட்டால் குளிர்ப்புண் உண்டாகும். கண்ணாடி, எளிதில் கழற்றக்கூடிய தளர்வான குளிர்காப்புக் கையுறை, மூடிய காலணி, காலணிக்கு வெளியே விழும் முழுக்கால்சட்டை ஆகியவை தேவை. திரவத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பருத்திக் கையுறை வெறுங்கையைவிட மோசமானது. குளிர்ந்த செம்பை வெறும் விரலால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

திரவ நைட்ரஜனை விழுங்குவது உயிருக்கு ஆபத்து. கர்நாடகத்தின் தாவணகெரேயில் 'ஸ்மோக் பிஸ்கட்' தின்ற சிறுவன் துடித்த காட்சி 2024 ஏப்ரலில் பரவிய பிறகு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை இது குறித்து எச்சரித்தது. ஓவர்கிளாக்கிங் சோதனையைக் காண வரும் சிறுவர்கள் இதே புகையை விளையாட்டாக எண்ணக்கூடும் என்பதால் கலனுக்கும் பார்வையாளருக்கும் இடையே தொலைவு அவசியம்.

உலர்பனிக்கட்டியில் தொடங்குதல்

திண்ம கார்பன் டை ஆக்சைடான உலர்பனிக்கட்டியின் வெப்பநிலை −78.5 டிகிரி. பொடித்த பனிக்கட்டியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுடன் கலனில் இட்டால் வெப்பநிலை அந்த அளவிலேயே நிலையாக நிற்கும். ஈரக்காப்பு, பொருத்தும் அழுத்தம், அளவி ஆகியவற்றைப் பழக இது போதும். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, கார்பன் டை ஆக்சைடும் மூடிய அறையில் ஆபத்தானது. ஆகவே காற்றோட்ட விதி இதற்கும் பொருந்தும்.

தேர்வுச் சுருக்கம்

தொடக்க நிலையில் உள்ளவருக்கு 1.5 முதல் 2 கிலோ வரை எடையும், எளிய உட்புறத் துளைகளும், அளவித் துளையும், தம் சாக்கெட்டுக்குப் பொருந்தும் சுருள்வில் பிடியும் கொண்ட செம்புக்கலன் ஏற்றது. குளிர் எல்லை உள்ள பிராசசருக்குக் கனமும், எல்லை இல்லாத பிராசசருக்கு உட்பரப்பும் கொள்ளளவும் முன்னுரிமை பெறும். குறுகிய நேரச் சோதனைக்கு இலேசான கலன், நீண்ட சுமைக்குத் தடித்த அடி. கலன் எதுவாயினும் அதற்கான அறையும் அதனுடனேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஒரு சோதனைக்கு எத்தனை லிட்டர் ஆவியாகும் என்பதை 700 ஆல் பெருக்கிப் பார்த்து, அவ்வளவு வாயுவையும் வெளியேற்றும் காற்றோட்டம் அங்கே இருந்தால் மட்டுமே அந்தக் கலனில் திரவத்தை ஊற்றலாம்.